பாதிக் கெண்டை

முகோஜிமா, டோக்கியோ
அக்டோபர் 6, 2019

கனாமே,

நேற்று எனக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் ஹொசாகா மசாயோ. எனக்குப் பெட்டி அனுப்ப யார் இருக்கிறார்கள் என்று வெகுநேரம் யோசித்த பிறகுதான் உறைத்தது, உன் வருங்கால மாமியார். சரி, உங்கள் ஊர் ஆப்பிளாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். உள்ளே மலை வெந்நீர் ஊற்றின் கந்தகப் பொடி, பொட்டலம் பொட்டலமாக. வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

கூடவே ஒரு சீட்டு. "உங்கள் தோல் நோயைப் பற்றிக் கனாமே சொன்னாள். இதைத் தண்ணீரில் கலந்து குளியுங்கள். கூச்சப்பட வேண்டாம். எங்கள் வீட்டுக்காரருக்கும் சின்ன வயதில் படை இருந்தது."

எனக்குத் தோல் நோயா? எப்போதிலிருந்து? மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் நோயைக் குணமாக்குவாள் என்றுதான் நினைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருவருக்கு நோயை வரவைப்பாள் என்று தெரியாது.

நான் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது யசுசாகு வந்தான். என்னோடு சாரம் கட்டியவன், உனக்குத்தான் தெரியுமே, அந்த வாயாடி. மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா பாதிக் கெண்டை, மிச்சப் பாதியும் அழுகிடுச்சா?" என்றான். ஒன்றாம் வகுப்பில் ஒழுங்காகப் பத்துவரை எண்ணத் தெரியாத பிள்ளை இன்று ஊருக்கே மாத்திரை எண்ணிக் கொடுக்கிறது என்று அவனிடம்தான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைதான் எனக்குப் படை வரவைத்தது என்று எப்படிச் சொல்வேன்?

போனில் கேட்டால் போன தடவை மாதிரி நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

அப்பா


மட்சுமோட்டோ
அக்டோபர் 10

அப்பா,

பொடி வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்னாலேயே எழுதியிருப்பேன். இல்லை, எழுதியிருக்க மாட்டேன். பயந்துகொண்டு சும்மா இருந்திருப்பேன்.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் சந்திக்க வேண்டும் இல்லையா? எல்லோரும் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். சோஹெய் வீட்டில் அப்படி இல்லை. மலையில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்கு எல்லோரும் போவதாம். சோஹெயின் அப்பா, எய்ஜிரோ மாமா, சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "கோட்டு மாட்டிக்கிட்டு எதிரும் புதிருமா உக்காந்து குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் வெச்சா சொந்தமாயிடுமா? ஒரே தொட்டியில எறங்கணும். நான் சம்பந்தி முதுகைத் தேய்க்கணும், அவர் என் முதுகைத் தேய்க்கணும். அப்பத்தான் மனசு ஒட்டும்."

என் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சி நழுவிவிட்டது. "எங்கப்பாவுக்குத் தோல்ல ஒரு இது இருக்கு மாமா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இதைச் சொன்னால் குளியலை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இவர்கள் இரக்கப்படுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அத்தை அன்றே எந்த ஊற்று எந்தப் படைக்கு நல்லது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

உண்மையைச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். மாமா ஓய்வு பெறும்வரை நகராட்சியில் இருந்தவர். உடம்பெல்லாம் பச்சை குத்திய ரவுடிக் கும்பல்களை ஒழிக்கச் சட்டம் வந்த சமயத்தில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? அவரே பெருமையாகச் சொல்வார்: "இந்தப் பக்கம் இருக்கிற ஒவ்வொரு குளியல் விடுதிக்கும் அந்த போர்டை நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். 'பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை'ன்னு. அந்தப் பசங்க சட்டையக் கழட்டிட்டு உக்காந்தா குடும்பத்தோட யாரு வருவா, நீயே சொல்லு?"

நீயே சொல்லு என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன்.

நவம்பர் பதினாறாம் தேதி சந்திப்பு. அதுவரை எனக்காகத் தோல் நோயோடு இருங்கள். அத்தைக்கு நன்றி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு நாளாகக் கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். எதிலும் மனம் நிற்கவில்லை.

கனாமே


முகோஜிமா
அக்டோபர் 17

கனாமே,

புயலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு கரைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. உங்கள் பக்கம்தான் ரயில் பாதை போய்விட்டதாமே. சாக்கடை, தண்ணீர் எல்லாம் சரியா? இதைக்கூட யசுசாகு சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உன் மாமியாருக்கு எழுதிவிட்டேன். "பொடி நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதினேன். பொய் இல்லை. பொடி என் குளியல் தொட்டியின் கொதிகலனில் வேலை செய்துவிட்டது. கந்தகம் பட்டுக் குழாயெல்லாம் கறுத்து, இப்போது வெந்நீரே வருவதில்லை. இல்லாத நோய்க்கு மருந்து போட்டு, நன்றாக இருந்த கொதிகலன் செத்துப்போனது.

அதனால் தெரு முனையில் இருக்கும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போகிறேன். அங்கே எந்த போர்டும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மீன் வியாபாரியும் சாரம் கட்டுகிறவனும் குளித்த இடம். நேற்று அங்கே ஒரு ஆள் வந்தான். ரக்பி பார்க்க வந்த வெளிநாட்டுக்காரன், கதவளவு இருந்தான். தோளிலிருந்து முழங்கைவரை கறுப்பாகச் சுழி சுழியாகக் குத்தியிருந்தான். என் முதுகைப் பார்த்ததும் வாயைப் பிளந்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அப்புறம் செதில்களைக் காட்டி, கையைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்துக்கொண்டு ஏதோ கேட்டான். ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்கிறான். மொழி தெரியாதவனுக்குக்கூட அதுதான் கண்ணில் படுகிறது! குளியல் கூடத்துக்காரர் அவனுக்கு ஓடி ஓடித் துண்டு எடுத்துக் கொடுத்தார். அவன் படம் எடுத்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. நான் ரவுடி இல்லை, கனாமே. வாழ்நாளில் ஒருவனை அறைந்ததில்லை, யசுசாகுவைத் தவிர. இருபது வயதில் உயரத்தில் நின்று வேலை செய்தவர்கள் எல்லோரும் குத்திக்கொண்டார்கள். விழுந்து முகம் சிதைந்து கிடந்தால் முதுகைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குக் கெண்டை பிடித்திருந்தது, கெண்டை குத்திக்கொண்டேன். அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடு. சொன்னால் வருகிறேன். நோயாளி வேஷத்தில் வர மாட்டேன்.

அப்பா


மட்சுமோட்டோ
அக்டோபர் 23

அப்பா,

வேஷம் போட மாட்டீர்களா?

அம்மா இருந்த காலத்தில், எனக்கு ஒன்பது வயதில் ஹக்கோனே வெந்நீர் ஊற்றுக்குப் போனோம், நினைவிருக்கிறதா? நானும் அம்மாவும் குளித்துவிட்டு வந்தால், நீங்கள் வாசல் பெஞ்சில் காபிப் பாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தலை ஈரமாக இருக்கும். தோளில் துண்டு. "ஆண்கள் பக்கம் தண்ணி சூடு ஜாஸ்திம்மா, சீக்கிரம் வந்துட்டேன்" என்பீர்கள். போகிற இடத்திலெல்லாம் இதே கதை. அன்று நான் துண்டை மறந்துவிட்டு வண்டிக்குத் திரும்பி ஓடினேன். வண்டி நிறுத்தும் இடத்தில் நீங்கள் குழாய்க்குக் கீழே தலையைக் கொடுத்துக் குனிந்துகொண்டிருந்தீர்கள். குளித்த மாதிரி தெரிய வேண்டுமாம். முடியை விரலால் கோதிக் கோதிச் சரிசெய்தீர்கள். சட்டைக் கை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தது, ஆகஸ்ட் மாதத்தில்.

நான் பார்த்ததை உங்களிடம் சொல்லவில்லை. போய் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணி ரொம்பச் சூடாப்பா?" என்று கேட்டேன். "கொதிக்குது" என்றீர்கள். காபிப் பாலைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

வேஷம் போட எனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி. உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று அத்தை விடுதியில் நமக்கு மட்டும் தனிக் குளியல் தொட்டி வாடகைக்கு எடுத்துவிட்டார். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, நடுவில் மூங்கில் தட்டி. நல்லதாகப் போயிற்று என்று மூச்சு விட்டேன். உடனே மாமா, "நானும் அவர்கூடவே எறங்கறேன். படை இருந்தவனுக்குத்தான் படையோட அவஸ்தை தெரியும். அவர் முதுகை நானே தேச்சுவிடறேன்" என்கிறார். கண் கலங்கச் சொல்கிறார், அப்பா. இந்த நல்ல மனுஷனை நான் என்ன செய்வது?

தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்குமாம். கழுத்துவரை உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. முதுகில் கட்டுப் போடும் காஸ் துணி சுற்றி, புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிடலாம். ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

கனாமே


முகோஜிமா
அக்டோபர் 29

கனாமே,

உன் மாமியார் மறுபடி எழுதியிருக்கிறார். நல்ல மனுஷி, எதையும் மறைக்கத் தெரியாதவர். என் மகள் மாதிரி இல்லை. கடிதத்தில் பாதி படைக்குச் சமையல் குறிப்பு. மீதியில் இது: "எங்கள் சோஹெயும் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனபோது கணுக்காலில் ஒரு அலை டாட்டூ போட்டுக்கொண்டு வந்தான். அவன் அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பழகிவிட்டது. காலம் மாறிவிட்டது, நாமும் மாற வேண்டியதுதானே. ஆனால் அந்த இடத்தில் தோல் அடிக்கடி அரிக்கிறதாம், உங்களுக்கு ஏதாவது கைவைத்தியம் தெரியுமா?"

என்னிடம் கேட்கிறார், கனாமே. என்னிடம்.

ஆக, மாப்பிள்ளைக்கும் இருக்கிறது. உனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலோடு அவர் மேசையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார், நீ பக்கத்தில் உட்கார்ந்து என் தோலைப் பற்றிக் கதை கட்டுகிறாய். அவர் போட்டால் டாட்டூ, நான் போட்டால் பச்சை. அவருக்கு அரிப்பு, எனக்கு நோய். ஊசி ஒன்று, மை ஒன்று, தோலும் ஒன்றுதான். அவருடையது விமானத்தில் வந்தது, என்னுடையது தெருவில் வளர்ந்தது. அதுதான் வித்தியாசமா?

ஹக்கோனேயில் நீ பார்த்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருடம் அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாய். சொல்லியிருக்கலாம். நான் தலையை நனைத்தது என்னை மறைக்க இல்லை. "அப்பா ஏன் வெளியிலேயே உக்காந்திருக்காரு?" என்று நீ கேட்டுவிடக் கூடாது என்றுதான்.

நான் வரவில்லை. நோய் முற்றிவிட்டது என்று சொல். இல்லை, செத்துப்போனேன் என்று சொல். அனுதாபம் இன்னும் ஜாஸ்தியாகக் கிடைக்கும்.

அப்பா


மட்சுமோட்டோ
நவம்பர் 2

அப்பா,

ஆமாம், அது வேறு, இது வேறு. உங்களுக்குத் தெரியாதா? சோஹெயின் அலை என் சுண்டு விரல் நீளம். அதைப் பார்த்து யாரும் வழிவிட்டு ஒதுங்க மாட்டார்கள். பள்ளிக்கூட நீச்சல் நாளில் மற்ற அப்பாக்களெல்லாம் குளத்தில் இறங்கிப் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டு விளையாடியபோது, கம்பி வேலிக்கு வெளியே முழுக்கைச் சட்டையோடு நின்றது சோஹெய் இல்லை. "உங்கப்பா அந்த மாதிரி ஆளாமே, எங்கம்மா உன்கூட சேரக் கூடாதுன்னு சொன்னாங்க" என்று கேட்டுக்கொண்டு நின்றது நான்.

அதையாவது முழுசாகச் செய்தீர்களா? தலைக்கும் துடுப்புக்கும் கறுப்பு. முதுகின் நடுவில் ஒரே ஒரு செதிலுக்குச் சிவப்பு. மற்றதெல்லாம் வெறும் கோடு. யசுசாகு மாமா சொல்வார்: "உங்கப்பன் ஒரு செதில் கலர் போட்டதுமே அய்யோ அம்மான்னு எந்திரிச்சு ஓடியாந்துட்டான்" என்று. நீங்கள் மறுத்ததே இல்லை, சிரிப்பீர்கள். ஊரைப் பயமுறுத்தவும் போதவில்லை, உங்கள் ஆட்கள் மதிக்கவும் போதவில்லை. வலி தாங்காமல் விட்ட ஒன்றுக்காக என் கல்யாணத்தைக் கொடுக்க வேண்டுமா? நான் எதற்காக அடிபட்டேன் அப்பா? பாதி மீனுக்காகவா?

வராவிட்டால் வராதீர்கள்.

கனாமே


அஞ்சல் அட்டை
நவம்பர் 3

அப்பா, நேற்று ஒரு கடிதம் அனுப்பினேன். அது வந்தால் பிரிக்காதீர்கள். பெட்டிக்குள் போட்ட கையோடு திரும்ப எடுக்கப் பார்த்தேன், கை உள்ளே போகவில்லை. தயவுசெய்து பிரிக்காதீர்கள்.
க.


அஞ்சல் அட்டை
நவம்பர் 7

அட்டையும் கடிதமும் ஒன்றாக வந்தன. கடிதம் மேலே இருந்தது.

பதினாறாம் தேதி வருகிறேன். ரயில் ஓட ஆரம்பித்துவிட்டதாம். தோல் நோயோடுதான் வருகிறேன். அகலமான காஸ் துணியாக வாங்கி வை. மீன் பெரியது.

அப்பா


மட்சுமோட்டோ
நவம்பர் 19

அப்பா,

நீங்கள் ரயில் ஏறியதிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதிவிடுகிறேன். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்ததால் பாதிதான் எனக்குத் தெரியும்.

விடுதி அறையில் உங்களுக்குக் காஸ் துணி சுற்றினேன். கையைத் தூக்குங்கள் என்றால் தூக்கினீர்கள், திரும்புங்கள் என்றால் திரும்பினீர்கள். செதில்கள் ஒவ்வொன்றாக வெள்ளைத் துணிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். கடிதத்தைப் பற்றி ஏதாவது சொல்ல மாட்டீர்களா என்று இருந்தது. "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றீர்கள்.

பெரியவர்களுக்கு முதலில் இடம் விட்டு சோஹெய் அறையிலேயே இருந்துவிட்டான். நானும் அத்தையும் தொட்டியில் இறங்கியபோது தட்டிக்கு அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது.

"அந்தக் கட்டை அவுத்துடுங்க சம்பந்தி. இந்தத் தண்ணி பட்டாத்தான் குணமாகும்."

"வேணாம் சம்பந்தி. உங்களுக்கு ஒட்டிக்கும்" என்றீர்கள் நீங்கள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆண்கள் பக்கம் தண்ணீர் சூடு என்று சொன்ன குரல்.

"ஒட்டட்டுமே. எனக்கு இருந்தப்போ ஊர்ல எவனும் என்னத் தொட்டியில எறங்க விடல. வாசல்லயே நிறுத்திடுவாங்க. உள்ள சத்தம் கேக்கும், எல்லாரும் சிரிக்கிற சத்தம். நான் துண்டைக் கையில வெச்சுக்கிட்டு வெளிய நிப்பேன். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது சம்பந்தி."

மெதுவாக, "தெரியாதுதான்" என்றீர்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அப்பா. எழுந்து நின்றுவிட்டேன். "அப்பா, அவுத்துடுங்க!" என்று கத்தினேன். "மாமா, அது நோய் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அது பச்சை! முதுகு பூரா பச்சை!"

அத்தையின் தலையில் மடித்து வைத்திருந்த துண்டு தண்ணீரில் விழுந்தது. "டாட்டூவாம்மா?" என்றார், எனக்கு வழி எடுத்துக் கொடுப்பது போல.

"இல்ல அத்தை. பச்சை" என்றேன்.

உங்கள் பக்கம் ஊற்றுத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். மாமா எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். கதவு இழுக்கும் சத்தத்துக்காகவே காதை வைத்துக்கொண்டு நின்றேன், உடம்பு குளிர்ந்துபோனது. பிறகு கல்லில் மரவாளி வைக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். இன்னொரு வாளி.

மாமா கேட்டார்: "இது முடியலையே?"

நீங்கள் ஏதோ பதில் சொன்னீர்கள், தணிந்த குரலில், கொஞ்ச நேரம் பேசினீர்கள். சரியாக அந்த நேரம் பார்த்து அத்தை, "அப்போ நான் அனுப்பின பொடிய என்னதான் பண்ணாரு?" என்று கேட்டார், கோபமா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு. அவருக்குக் கொதிகலன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் பேச்சு போய்விட்டது. மாமா சிரித்தது மட்டும் காதில் விழுந்தது. ஒரே ஒரு தடவை, இருமல் மாதிரி.

அப்புறம் சாப்பாட்டில் நீங்களே பார்த்தீர்கள். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் விடுதி வாசலில் அந்த போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி மேலிருந்து கீழ்வரை படித்தார். உங்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது சோஹெய், "கல்யாணத் தேதி, அப்பா..." என்று இழுத்தான். "தேதியெல்லாம் மாத்த வேணாம்" என்றார். அவ்வளவுதான். பொய் சொன்னதற்காக என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. அத்தை மட்டும் நேற்று போனில், "மறைச்சதுதான்மா எனக்குச் சுடுது, மத்தது இல்ல" என்றார்.

என் நவம்பர் இரண்டாம் தேதிக் கடிதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. திட்டியாவது எழுதுங்கள். அந்தத் தொட்டியில் மாமாவிடம் என்ன சொன்னீர்கள்? அவரிடம் கேட்டால், "உங்கப்பாகிட்டயே கேளு" என்கிறார்.

கனாமே


முகோஜிமா
நவம்பர் 24

கனாமே,

ஊருக்கே கேட்கும்படி கத்துகிற பழக்கம் உன் அம்மாவிடமிருந்து வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் நீ "பச்சை" என்று கத்தியபோது சம்பந்தி கையிலிருந்த சோப்பு நழுவித் தொட்டிக்குள் போய்விட்டது. இரண்டு கிழவர்களும் அதைத் தேடவில்லை.

காஸ் துணியை நானே அவிழ்த்தேன். நீ போட்ட முடிச்சு, லேசில் அவிழவில்லை. அவர் உதவிக்கு வரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. அவிழ்த்து முடித்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். போகிறவர் போகட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உன் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது சுடச்சுட ஒரு வாளி விழுந்தது. இன்னொன்று.

"அந்த போர்டு, நான்தான் குடுத்தேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

"தெரியும். பொண்ணு சொன்னா."

"உங்க பொண்ணு பொய்யும் சொல்றா, உண்மையும் சொல்றா" என்றார். அப்புறம் வெறுங்கையாலேயே தேய்க்க ஆரம்பித்தார். நல்ல அழுத்தம். தேய்த்துக்கொண்டே, "இது முடியலையே? வலியா?" என்று கேட்டார்.

நீயும் அதைத்தான் எழுதியிருந்தாய். யசுசாகு அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறான், நான் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பான். சம்பந்தியிடம் சொன்னதை உன்னிடமும் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்காது. நீ மூன்று வயதுப் பிள்ளை, நான்தான் உன்னைத் தெரு முனைக் குளியல் கூடத்துக்குக் கூட்டிப் போவேன். தொட்டியில் இறங்கினால் நூறு எண்ணாமல் எழக் கூடாது என்பது எல்லா வீட்டுச் சட்டமும்தானே. உனக்கு ஒரு நிமிடம் இருப்புக் கொள்ளாது. அதனால் நான் படியில் உட்கார்ந்துகொள்வேன், நீ என் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்று, செதில் மேல் விரல் வைத்து எண்ணுவாய். அப்போது செதில் எல்லாமே வெறும் கோடு. ஒவ்வொரு செதிலும் உனக்கு ஒரு எண். தோளுக்குக் கீழே ஒன்று, அங்கிருந்து இறங்கி வருவாய். எண்ணக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

எனக்குப் பச்சை குத்திய ஆசான் அப்போது செதில்களுக்கு நிறம் கொடுக்க ஆரம்பிக்கும் நேரம். எந்தச் சிவப்பு பொருந்தும் என்று பார்க்க ஒரே ஒரு செதிலுக்குப் போட்டுப் பார்த்தார். புண் ஆறியதும் உன்னைக் குளிக்கக் கூட்டிப் போனேன். எண்ணிக்கொண்டு வந்தாய். திடீரென்று குளியல் கூடமே அதிர ஒரு அழுகை. "ஏழு காணோம்! என் ஏழ யாரோ எடுத்துட்டாங்க!" நான் சொல்லிப் பார்த்தேன், சிவப்புக்குள்தான் இருக்கிறது என்று. நீ கேட்கவில்லை. முழுவதும் நிறம் போட்டால் உனக்கு ஒரு எண்கூட மிஞ்சாது. மறுநாள் ஆசானிடம் போய், இதோடு போதும் என்று சொல்லிவிட்டேன். வைதார். நீ அதற்குப் பிறகு ஆறு முடிந்ததும் எட்டுக்குத் தாவிவிடுவாய். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரமே ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்கு ஏழுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியலையே" என்றார். முழுக்கைச் சட்டையோடு நின்று தலையைச் சொறிந்தேன்.

சம்பந்தி சிரித்தது அதற்குத்தான்.

உன் கடிதத்துக்குக் கோபமில்லை என்று சொல்ல மாட்டேன். படித்த அன்று சாப்பிடவில்லை. நீ வேலிக்கு உள்ளே நின்று கேட்ட பேச்சையெல்லாம் ஒரு நாளாவது வீட்டில் வந்து சொல்லியிருந்தால், அந்தத் தோலை உரித்துப் போட்டிருப்பேன். ஆனால் அன்று நீ எழுந்து நின்று கத்தினாயே, மாமியார் எடுத்துக் கொடுத்த நல்ல வார்த்தையை விட்டுவிட்டு என் வார்த்தையைச் சொன்னாயே, அதைக் கேட்டேன். அது போதும்.

இன்னொன்று. நான் சொல்லி முடித்ததும் சம்பந்தி முதுகில் தண்ணீர் ஊற்றி நன்றாக அலசிவிட்டார். எழப் போனேன், தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தோளுக்குக் கீழே ஒரு விரல் வந்து நின்றது. "ஒண்ணு" என்றார். அடுத்த செதிலுக்கு நகர்ந்தது. கோப்பு சரிபார்க்கிறவர் மாதிரி, ஒன்றையும் விடாமல், மெதுவாக இறங்கி வந்தார். "ஆறு" என்றார். விரல் சிவப்புச் செதிலில் ஏறியது, அங்கே கொஞ்ச நேரம் இருந்தது, தாண்டிப் போனது.

"எட்டு" என்றார்.

அப்பா